கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் சர்க்கார் நடத்தும் வைத்தியசாலையைத் தர்மாஸ்பத்திரி என்றே சொல்லுவார்கள். என் பாட்டி தன் ஆயுள் முழுவதும் அதற்கு வேறு பெயர் வழங்கியதில்லை. அங்கே தர்மம் செய்கிறவர் யார் என்று சிறுவயதில் ஒருநாள் அவளைக் கேட்டேன். "யாரோ ஒரு மகராசன்" என்றாள். தீப்பெட்டிக்கும் சீனிக்கும் கொடுத்த காசோடு தன்னையறியாமல் வரியும் செலுத்திவந்த அவளே அந்த மகராசர்களில் ஒருத்தி என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுவார் யாரும் இல்லை. அதே ஊரில், அறக்கட்டளை ஒன்றின் பெயரால் நடந்ததும், வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்றதும், வாசலில் ஸ்தாபகரின் சலவைக்கல் சிலையை நிறுத்தியிருந்ததுமான மற்றோர் ஆஸ்பத்திரி இருந்தது. அதை ஜனங்கள் 'பிரைவேட்' என்றார்கள். வரிப்பணத்தில் நடப்பதற்குத் தர்மம் என்றும், வரி செலுத்தாமல் நடப்பதற்குப் பிரைவேட் என்றும் பெயரிட்ட அந்தப் பாமர ஞானத்தை நான் அப்போது விளையாட்டாக எண்ணினேன். சட்ட நூல்களைப் புரட்டப் புரட்ட, அதில் இருக்கும் நுட்பம் சட்டத்தில் இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு வலுத்துவருகிறது.

லாப நோக்கமற்றவை என்று பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள் வரிவிலக்குக்குத் தகுதி உடையனவா என்னும் வழக்கு, வேறெந்தத் தேசத்தையும் விட அமெரிக்காவில்தான் நெடுங்காலமாகவும் தீவிரமாகவும் நடந்துவருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கணக்கர்களும் வக்கீல்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். ஆனால், 'தகுதி' என்ற சொல் வந்த மாத்திரத்தில், தானம் கொடுப்பவன் யார், வாங்குபவன் யார், வாங்குகிறவன் பாத்திரமா அபாத்திரமா என்ற, சமயவாதிகள் காலங்காலமாகத் தர்க்கித்துவந்த பிரச்சினைக்குள் நாம் கால் வைத்துவிடுகிறோம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம்மவர் வாக்கு. வரிவிலக்கும் ஒருவகைப் பிச்சைதான். இடுவது அரசு, ஏற்பது ஆஸ்பத்திரி.

இந்தப் பிச்சையை முதன்முதலில் கேட்டவர்களில் ஒருவர், இன்று துருக்கியில் கைசேரி என வழங்கும் செசரியா நகரத்தின் பிஷப்பாக 370-ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற பசிலியார். நகரத்தின் எல்லைக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் அவர் எழுப்பிய இல்லத்தை, மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆதி மருத்துவமனைகளில் ஒன்றாகக் குறிப்பிடுவது வழக்கம். அவருடைய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ரோம அரசின் வரிக் கணக்கர் ஒருவருக்கு எழுதப்பட்டது. தம் மேற்பார்வைக்கு உட்பட்ட ஒரு நாட்டுப்புறப் பகுதியில் உள்ள ஏழையர் இல்லத்தை அன்போடு கண்ணோக்கி அதை வரியிலிருந்து முற்றும் நீக்கிவிட வேண்டுமென்று அதில் வேண்டுகிறார். அவர் காட்டும் காரணம் மிகவும் சுருக்கமானது; ஏழைகளின் சொற்பச் சொத்தின் மீது வரி விதிக்கலாகாது என்று அந்தக் கணக்கரின் சகா ஒருவர் முன்னமே கருதியிருக்கிறார் என்பதுதான் அது. இந்தச் சொல்லாட்சியைச் சிறிது நின்று கவனிக்க வேண்டும். 'நாங்கள் தர்மம் செய்கிறோம், ஆகவே எங்களுக்கு விலக்கு அளியுங்கள்' என்று பசிலியார் எழுதவில்லை. சொத்து ஏழைகளுடையது என்றார். பிஷப்பும் துறவிகளும் காவல்காரர்கள் மட்டுமே. இல்லாதவனிடம் அரசன் வரி கேட்பது நியாயமாகாது என்பது மட்டுமே அவருடைய வாதம்.

நம் நாட்டுச் சாசனங்களில் இதற்கு 'இறையிலி' என்ற அழகிய சொல் ஆளப்பட்டிருக்கிறது. இறை என்றால் வரி. இறையிலி, வரி இல்லாத நிலம். ஆனால், ஒரு நிலத்துக்கு இறை இல்லை என்று கல்லில் வெட்டிவிட்டதனாலேயே அந்த இறை காற்றில் கரைந்துபோய்விடுவதில்லை என்பதைச் சோழர் காலத்து ஊர்ச்சபையார் நன்றாக அறிந்திருந்தார்கள். கோயிலுக்கு நிலம் விடுகிறவரிடமிருந்து முன்கூட்டியே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்குரிய வரியை இனி என்றென்றும் நாங்களே இறுப்போம் என்று சபையார் ஒப்புக்கொண்ட சாசனங்கள் பல உண்டு. அந்தத் தொகைக்கு இறை திரவியம், இறை காவல் என்றெல்லாம் பெயர். ஒருவன் விட்ட வரியை மற்றொருவன் சுமக்க வேண்டும் என்ற உண்மையை அவர்கள் மறைக்கவில்லை. சுமப்பவன் பெயரையும் சேர்த்தே கல்லில் பொறித்தார்கள்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்து நடந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையில் 15 நோயாளிகளுக்குப் படுக்கை இருந்ததையும், வைத்தியர் ஒருவர், சஸ்திர சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் என்று இன்னின்னாருக்கு இவ்வளவு நெல் என்பதையும், தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி முதலாக இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் அது வரிசையாகக் கூறுகிறது. பதினோராம் நூற்றாண்டில் இவ்வளவு ஒழுங்கா என்று படிப்பவர் நெஞ்சு விம்முவது இயல்பு, எனக்கும் விம்மியது. ஆனால், அந்தப் படுக்கைகள் கோயிற் பணியாளருக்காகவும் அங்கே வேதம் பயின்ற மாணாக்கருக்காகவும் ஏற்பட்டவை என்று அறிந்தபோது அந்தப் பெருமிதம் சற்றே அடங்கிற்று. ஆற்றங்கரையில் உழுதுகொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல் கண்டால் அவன் எங்கே போனான் என்று கல்வெட்டு பேசவில்லை. பொது வருவாயில் நடக்கும் வைத்தியசாலை யாருக்காக என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அந்நாட்டு வருமான வரித் துறை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டளையின்படி, விலக்குக் கோரும் ஆஸ்பத்திரி, பணம் கொடுக்க இயலாதவர்களுக்குத் தன் சக்திக்கு இயன்ற அளவில் வைத்தியம் செய்தாக வேண்டும். பசிலியாரின் நியாயத்திலிருந்து இது அதிக தூரம் விலகவில்லை. பின்பு 1965-இல், முதியோருக்கு மெடிகேர் என்றும் வறியோருக்கு மெடிக்கெய்டு என்றும் இரண்டு திட்டங்களை அரசே ஏற்படுத்தியது. இனி ஏழை நோயாளி என்று ஒரு ஜாதியே இராது, ஆகவே தர்ம வைத்தியத்துக்கு வேலையும் இராது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் வெயிலில் 1969-ஆம் ஆண்டுக் கட்டளை பிறந்தது. அதன்படி, ஏழைக்கு இலவச வைத்தியம் செய்வது இனிக் கட்டாயம் அன்று. அவசர சிகிச்சைப் பகுதியை யாவருக்கும் திறந்து வைப்பது, நிர்வாக சபையில் ஊர்ப் பிரமுகர்களை அமர்த்துவது, மிச்சப்படும் பணத்தை ஆஸ்பத்திரிக்கே செலவிடுவது என்ற இவ்விதமான லட்சணங்கள் அமைந்திருந்தால் அது 'சமூகப் பயன்' என்று கருதப்படும், அதுவே போதும்.

இவ்விடத்தில் என் மனம் தானாகவே திருவள்ளுவரிடம் ஓடுகிறது. அவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும், அடுத்தடுத்து, ஆனால் தனித்தனியே வைத்தார். ஒப்புரவு என்பது ஊருக்கெல்லாம் உபகாரமாக வாழ்தல். அதற்கு அவர் காட்டும் உவமைகள் ஊருணியும் ஊர்நடுவே பழுத்த மரமும் மருந்தாகும் மரமும். ஈகையோ, இல்லாதவனுக்குக் கொடுப்பது ஒன்றுதான்; மற்றவருக்குக் கொடுப்பதெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் கைமாற்று என்பது அவர் கருத்து. ஒப்புரவு இம்மை நோக்கியது என்றும் ஈகை மறுமை நோக்கியது என்றும் பரிமேலழகர் வேறுபாடு காட்டுவார். 1956-இன் கட்டளை ஈகையைக் கேட்டது. 1969-இன் கட்டளை ஒப்புரவே போதும் என்றது. நம்முடைய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், தர்ம காரியம் இன்னதென்று கூறுமிடத்தில், ஏழைகளுக்கு உதவுவதை ஒன்றாகவும் வைத்திய உதவியை அதனின்றும் தனித்த மற்றொன்றாகவும் அடுக்கியது. ஆங்கிலேயரின் அறக்கட்டளைச் சட்டங்களிலிருந்து வழிவழியாக வந்த பாகுபாடு அது.

ஒப்புரவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஊருணியில் பணக்காரனும் நீர் மொள்ளுகிறான். அதனால் அது ஊருணி அல்லாமல் போவதில்லை. ஆனால், ஊருணிக்கரையில் ஒருவன் மேஜை போட்டு அமர்ந்து குடத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, வசூலானதைப் படித்துறைக்குச் சலவைக்கல் பதிக்கவும் தன் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளவும் செலவிட்டுவிட்டு, 'பங்குதாரர் யாருக்கும் லாபம் பிரித்துக் கொடுக்கவில்லை, ஆகையால் இது தர்மம்' என்று வாதிப்பானாகில் அவனை நாம் என்ன சொல்லுவோம்? லாப நோக்கம் இல்லை என்பதற்கு மிச்சம் இல்லை என்று பொருளன்று. மிச்சத்தைப் பங்குபோட உரிமையாளர் இல்லை என்பதே பொருள். மேலும், அவசர சிகிச்சைக்கு வந்தவனைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாதென்று 1986-இல் பிறந்த சட்டம், மெடிகேர் பணம் பெறும் எல்லா ஆஸ்பத்திரிகளையும், லாபத்துக்கு நடப்பவற்றையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. எல்லோரும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்தே தீர வேண்டிய ஒன்றைச் செய்வதற்கு ஒருவருக்கு மட்டும் புண்ணியக் கணக்கு எழுதுவானேன்?

1969-இன் கட்டளையை எதிர்த்து, தங்களை வாசலிலிருந்து திருப்பிவிட்டார்கள் என்று முறையிட்ட கெண்டக்கி மாகாணத்து ஏழைகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. அந்த ஆஸ்பத்திரிகள் இவர்களை மறுத்ததற்கு வரித்துறையின் கட்டளைதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆகவே இவ்வழக்கைத் தொடுக்கும் பாத்தியதை இவர்களுக்கு இல்லை என்று 1976-இல் தள்ளிவிட்டார்கள். சட்ட நியாயம் அப்படி இருக்கலாம். யாருடைய சொத்து என்று சொல்லிப் பசிலியார் விலக்குக் கேட்டாரோ, அவர்களுக்கு அதைப்பற்றி வாய்திறக்கப் பாத்தியதை இல்லையென்று ஆயிற்று.

இந்த விவகாரம் முழுவதையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டுமானால் இல்லினாய் மாகாணத்து அர்பானா என்னும் ஊருக்குச் செல்ல வேண்டும். மூன்று கத்தோலிக்கக் கன்னியர் சபைகளின் ஆஸ்பத்திரிகள் ஒன்றுசேர்ந்த 'ப்ரொவினா' ஸ்தாபனத்தின் 'கவனன்ட்' மருத்துவமனை அங்கே இருந்தது. 2002-ஆம் ஆண்டுக்குரிய சொத்து வரியிலிருந்து விலக்கு வேண்டுமென்று அது விண்ணப்பித்தது. விலக்கின் மதிப்பு ஏறக்குறைய 11 லட்சம் டாலர். அவ்வாண்டில் அங்கே வந்த சுமார் 1,10,000 நோயாளர் வரவுகளில், தர்ம வைத்தியம் பெற்றவர்கள் 302 பேர். அதற்கு ஆஸ்பத்திரிக்கு ஆன செலவு 8,31,724 டாலர். வருவாயோ 11 கோடி டாலருக்கும் மேல். அதாவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. கட்டணம் கட்டாதவர்களை வசூல் கம்பெனிகளிடம் ஒப்படைத்தார்கள். ஏழை என்று நிரூபித்த பிறகு சிலருக்குக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த விதத்துக்கும், ஒரு வியாபார ஸ்தாபனம் வராக்கடனைத் தள்ளி எழுதுகிற விதத்துக்கும் வித்தியாசம் காண்பது அரிது என்று நீதிபதிகள் கருதினார்கள். 2010-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, விலக்கு இல்லை என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. எவ்வளவு தர்மம் செய்தால் போதும் என்று அளவு வகுப்பது நீதிமன்றத்தின் வேலை அன்று என இரண்டு நீதிபதிகள் மட்டும் அந்த ஓர் அம்சத்தில் மாறுபட்டார்கள்.

அந்த வழக்கில் மற்றொரு வாதமும் எழுந்தது. தர்மம் என்ற வகையில் விலக்குக் கிடைக்காவிட்டால், சமயக் காரியம் என்ற வகையிலாவது கொடுங்கள். நோயாளியைக் குணப்படுத்துவது கிறிஸ்துவின் ஊழியம் அல்லவா என்று ஆஸ்பத்திரி கேட்டது. நீதிமன்றம் இதையும் ஏற்கவில்லை. இதைப் படித்தபோது, அந்தக் கன்னியர் சபைகளின் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. அவர்கள் நம்புவது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும், பக்தன் ஒருவனுக்குத் தான் செய்வன யாவுமே ஈசுவரார்ப்பணம் அன்றோ? திருநீறு பூசிக்கொண்டு, 'சிவார்ப்பணம்' என்று சொல்லித் தராசைத் தூக்கும் செட்டியாருக்கும் அப்போது விற்பனை வரி விதிக்க இயலாமற்போகும். செய்பவனுடைய பாவனை அவனுக்கும் அவன் தெய்வத்துக்கும் இடையே உள்ள சமாசாரம். அதை வரிக் கணக்கருடைய மேஜைக்குக் கொண்டுவந்து செலாவணி ஆக்க முற்படுவது, பாவனைக்கே செய்யும் அபசாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. மெடிக்கெய்டு நோயாளிக்கு அரசு கொடுக்கும் தொகை பெரும்பாலும் அடக்க விலைக்குக்கூடப் போதுவதில்லை. தீக்காயப் பிரிவு, மனநோய்ப் பிரிவு போன்றவற்றை நடத்துவதில் கைநஷ்டம் தவிர வேறில்லை. இளம் வைத்தியர்களைப் பயிற்றுவிக்கும் செலவும் இருக்கிறது. வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிற சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் மீது வரியையும் ஏற்றினால் அது கதவைச் சாத்திக்கொள்ளும். பிரசவ வலியோடு வருகிறவள் இன்னும் தொலைதூரம் போக வேண்டியதுதான். இவற்றை மறுப்பவன் நியாயஸ்தன் அல்லன். எனினும், இப்படிச் சொல்லப்படும் சமாதானங்கள் நலிந்த ஆஸ்பத்திரிகளுக்குப் பொருந்தும் அளவுக்கு, வானளாவிய கட்டடங்களும் பல கோடி சேமிப்பும் உடைய பெரிய ஸ்தாபனங்களுக்குப் பொருந்தவில்லை. பேசுகிறவர்களோ பெரும்பாலும் பின்னவர்கள்.

அர்பானாத் தீர்ப்பு வெளியாகி ஐந்தாவது நாள், ஒபாமா கையெழுத்திட்ட சுகாதாரச் சட்டம் புதிய நிபந்தனைகள் சிலவற்றை விதித்தது. எழுத்து மூலமான உதவிக் கொள்கை வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊரின் சுகாதாரத் தேவையை ஆராய வேண்டும். நோயாளி உதவிக்கு உரியவனா என்று பார்க்காமல் அவன் மீது கடுமையான வசூல் நடவடிக்கை எடுக்கலாகாது. இவ்வளவு தர்மம் செய்ய வேண்டும் என்ற அளவை மட்டும் அது சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டு லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் பெற்ற வரிவிலக்கின் மதிப்பு சுமார் 2,800 கோடி டாலர் என்றும், அவை செய்த தர்ம வைத்தியத்தின் செலவு சுமார் 1,600 கோடி டாலர் என்றும் கே.எஃப்.எஃப். என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டது. இல்லினாய் மாகாணமோ 2012-இல் நேராகவே ஒரு சட்டம் செய்தது: தர்மமும் அதைச் சார்ந்த சில சேவைகளும் சேர்ந்து, விடப்படும் சொத்து வரியின் மதிப்புக்காவது ஈடாக வேண்டும். வள்ளுவர் ஈகை அன்று என்று ஒதுக்கிய அளந்து வாங்கும் கைமாற்றேதான் இது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கைமாற்றைக் கைமாற்று என்று ஒப்புக்கொண்டு மரக்காலைச் சரியாக அளப்பதில் ஒரு நாணயம் இருக்கிறது. தர்மம் என்ற பெயரை மட்டும் அதன்மீது ஒட்டாமல் இருந்தால் போதும்.

ஏனென்றால், இந்த வாதங்களில் எல்லோரும் ஆஸ்பத்திரியைக் கொடையாளி என்று வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அது போதுமான அளவு கொடுக்கிறதா, இல்லையா என்றே கேட்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் பெரிதும் ஊரார் கட்டும் சொத்து வரியில் நடப்பவை. அர்பானாவில் ஒரு பெரிய கட்டடம் வரிப் பட்டியலிலிருந்து நீங்கினால், அந்தப் பாரம் சின்னஞ்சிறு வீடுகளின் மீது ஏறுகிறது. அல்லது பள்ளிக்கூடத்துக்குக் குறைகிறது. வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு ஆஸ்பத்திரிக் கடனுக்காக வசூல்காரனுக்கு அஞ்சி ஒளிகிறவனும், தன் வாடகையின் வழியாக அந்த ஆஸ்பத்திரியின் வரியில் ஒரு பங்கைக் கட்டுகிறான். கொடுத்தவன் அவன், முதலில் கொடுத்தவனும் அவன். ஆஸ்பத்திரி அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தான் ஈந்ததாக ஆண்டறிக்கையில் வர்ணப் படங்களோடு அச்சிடுகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் இதற்குத்தான் சொன்னார்கள். வரிவிலக்குக்குத் தகுதி என்று ஒன்று இருக்குமானால், அது நல்ல வைத்தியம் செய்வதனால் வருவதன்று. கையில் இருக்கும் தேங்காய் யாருடையது என்று உடைப்பவன் அறிந்திருப்பதனால் வருவது. அறிந்தவன் பில்லை அனுப்பிய பிறகு ஏழையா என்று விசாரிக்கமாட்டான், வாசலிலேயே விசாரிப்பான். அறியாதவன் வரி கட்டட்டும். சர்க்காராவது தர்மாஸ்பத்திரி நடத்தும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போவதற்காக ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் கேஷ் கவுன்டரில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவன், மனைவியைச் சேர்த்திருந்த ஒரு கிராமத்தான். ரேஷன் கார்டு நகலும், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்றும் கையில் வைத்திருந்தான். "ஏதாச்சும் பாத்துக் கொறச்சுப் போடுங்க சார்" என்றான். கவுன்டரில் இருந்த இளைஞன் நல்ல சுபாவம் உடையவன். யாரிடமோ போனில் பேசி, பில்லின் ஓரத்தில் பச்சை மையால் 'கன்செஷன் ரூ. 500' என்று எழுதி முத்திரை குத்தினான். மீதி பதினோராயிரத்துச் சில்லறையைக் கிராமத்தான் மூன்று வகை நோட்டுகளாக எண்ணி வைத்தான். கடைசிப் பத்து ரூபாய்கள் சட்டைப்பையிலிருந்து வரவில்லை, இடுப்பிலிருந்து வந்தன. ரசீதை வாங்கிக்கொண்டு அவன் திரும்பியபோது, இளைஞன் சுவரில் மாலையோடு தொங்கிய ஸ்தாபகரின் படத்தைக் காட்டி, "ஐயாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க" என்றான். அவன் மருந்துப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டான்.